கோழி அடைகாத்த ஜீப்பும் ஒரு திங்கட்கிழமையும்

நான் கடல் தாண்டிப் பழுது பார்க்கப் போன ஜீப்பின் ஓட்டுநர் இருக்கையில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து அது எழுந்திருக்கவில்லை. கழுத்தை மட்டும் திருப்பி முறைத்தது. நான் ஊருக்குள் வந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம்தான் ஆகியிருந்தது. அதுவோ அங்கே குடியேறிப் பல நாளாகியிருந்தது. நியாயம் அதன் பக்கம்தான்.

மலேசியாவில் கேமரன் மலையில் எனக்கும் என் கணவருக்கும் ஒரு பட்டறை இருக்கிறது. எங்கள் மலையில் முட்டைக்கோசும் தக்காளியும் தோட்டத்திலிருந்து கீழே இறங்குவது கிழட்டு ஃபோர் வீல் ஜீப்புகளில்தான். அவற்றைச் சாகவிடாமல் பார்த்துக்கொள்வதே எங்கள் பிழைப்பு. என் தம்பி கப்பலில் வேலை பார்க்கிறான். அவனோடு அதே கப்பலில் இருப்பவர், தூத்துக்குடிப் பக்கம் புன்னைக்காயல் என்ற கடற்கரை ஊர்க்காரர் அமல்ராஜ். அவர் போன விடுமுறையில், பின்னால் சாமான் தொட்டி வைத்த பழைய ஜீப் ஒன்றை வாங்கினார். நண்பர்களோடு கடற்கரை மணலில் ஆசை தீர ஓட்டினார். பிறகு அதை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுக் கப்பலேறிவிட்டார்.

இந்த இடத்தில்தான் அவருடைய மனைவி ஜெசிந்தா வருகிறாள். தூத்துக்குடி துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. காலை எட்டு மணிக்கெல்லாம் மேசையில் இருக்க வேண்டும். புன்னைக்காயலிலிருந்து அந்த நேரத்துக்குப் போய்ச் சேர பஸ்ஸை நம்ப முடியாது. "அவ்வளவு தூரத்திலிருந்து தினமும் எப்படி வருவீர்கள்?" என்று நேர்காணலில் கேட்டிருக்கிறார்கள். ஓட்டப் பழகி லைசென்ஸும் வாங்கி வைத்திருந்தவள், "வண்டி இருக்கு சார்" என்று சொல்லிவிட்டாள். வண்டியில் கோழி இருக்கிறது என்று சொல்லவில்லை.

வருகிற திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். ஊரில் பார்த்த மெக்கானிக்குகள் கையை விரித்துவிட்டார்களாம். தம்பி மூலமாகச் செய்தி வந்ததும் நான் கிளம்பிவிட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் ஒரே குதியாட்டம். முட்டைக்கோஸ் நாற்றம் இல்லாத ஜீப்பைத் தொட்டு எத்தனை காலம்! விமான நிலையத்தில் என் பையைத் திறந்த அதிகாரி, சேலைகளுக்கு நடுவே பிரேக் ரப்பர்களையும் ஆயில் சீல்களையும் பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்கு வந்திருக்கீங்களா?" என்று கேட்டார். "இல்லை, பிரேக் மாற்ற" என்றேன். அவர் பையை மூடிக் கொடுத்துவிட்டார்.

வீட்டில் ஜெசிந்தாவைத் தவிர அவளுடைய மாமியார் பிலோமினாம்மா மட்டும்தான். வாட்டசாட்டமான பெண்மணி. அடுத்த தெருவில் பேசினாலும் இந்தத் தெருவில் கேட்கும். வந்த அன்றே என்னிடம் விஷயத்தை உடைத்துவிட்டார்.

"ஏளா மலேசியா, நீ வந்தது சந்தோஷம். நல்லா மீனு தின்னுட்டுப் போ. ஆனா திங்கக்கிழம பழய இரும்புக்காரன் வாரான். இந்தச் சனியனத் தூக்கிட்டுப் போவச் சொல்லியாச்சு."

"அத்தை, திங்கக்கிழம அது என்னயத் தூக்கிட்டுப் போவும்" என்றாள் ஜெசிந்தா.

"எங்க, நடுரோட்டுக்கா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் இரண்டு பேருமே விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது சோறு போடும்போதே தெரிந்தது. வண்டி ஓடாவிட்டால் மருமகள் டவுனில் அறை எடுத்துத் தனியாகத் தங்குவாள், அல்லது வேலையை விடுவாள். முதலாவது நடக்க மாமியார் விடமாட்டார். இரண்டாவது நடக்க ஜெசிந்தா விடமாட்டாள். நடுவில் நான், கையில் ஸ்பானரோடு. அன்று சாப்பிட்ட பாறை மீன் குழம்பில் மாங்காய் போட்டிருந்தார்கள். எங்கள் மலைக்கு மீன் ஐஸ் பெட்டியில் மயங்கி வரும். இங்கே அது தட்டில் விழுகிறவரை விறைப்பாக இருந்தது.

இருட்டியதும் பிலோமினாம்மாவே கோழியை முட்டைகளோடு ஒரு மீன் கூடைக்கு மாற்றினார். மறுநாள் காலையில் ஜீப் எனக்கு.

அமல்ராஜ் நல்ல மனிதராக இருக்கலாம். ஆனால் அந்த வண்டிக்கு அவர் செய்திருந்ததைப் பார்த்தபோது கப்பலுக்கே போன் போட்டுத் திட்டலாமா என்றிருந்தது. டிராக்டருக்குப் பொருந்துகிற அளவுக்கு டயர்கள். அவை உள்ளே அடங்குவதற்காக வண்டியின் உடம்பைத் தூக்கி வைத்திருந்தார். முன்னால் எருமையை முட்டித் தள்ளுகிற மாதிரி ஒரு இரும்புச் சட்டம். கூரையில் வரிசையாக விளக்குகள், கப்பல் சங்கு போல் ஒரு ஹார்ன். பிரேக்கை மிதித்தால் பெடல் தரையைத் தொட்டது. ஜெசிந்தா ஐந்தடி உயரம். அவள் உள்ளே ஏற பிளாஸ்டிக் ஸ்டூல் தேவைப்பட்டது. ஏறியபின் ஸ்டூலை எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது.

"தினமும் ஓட்டுகிற வண்டிக்கு ஒரே ஒரு குணம் போதும்" என்று அவளிடம் சொன்னேன். "நமக்கு அலுப்புத் தட்ட வேண்டும். காலையில் சாவியைத் திருப்பும்போது, இன்றைக்கு என்ன குழம்பு வைக்கலாம் என்று நீ யோசித்துக்கொண்டிருக்க வேண்டும்."

"ஹார்ன் மட்டும் இருக்கட்டும் அக்கா."

"ஏன்?"

"துறைமுக ரோட்டுல பூராம் லாரிதான். நான் இருக்கேன்னு அவியளுக்குத் தெரியணும்லா."

சரி, ஹார்ன் பிழைத்தது.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தபோதுதான் நான் இதுவரை காணாத ஒன்றைக் கண்டேன். எந்த ஜீப்பாக இருந்தாலும் சேஸிஸ் என்ற அடிச்சட்டத்திலும் தரைத் தகட்டிலும் கதவுகளின் அடியிலும் தண்ணீர் வடிவதற்குத் துளைகள் இருக்கும். இந்த ஜீப்பில் ஒரு துளை விடாமல் ஃபைபர் வைத்து, பசை ஊற்றி, தேய்த்து வழவழப்பாக அடைத்திருந்தார்கள். வேலை என்றால் அப்படி ஒரு வேலை. எவ்வளவு சுத்தமோ அவ்வளவு நாசம்.

செய்தவர் சேவியர் அண்ணன். கரையில் ஃபைபர் வள்ளங்களுக்கு ஓட்டை அடைப்பவர். அமல்ராஜ் வண்டியைக் கொடுத்து, "அடியில துரு பிடிக்காம ஏதாவது செய்யி" என்று சொல்லியிருக்கிறார். படகுக்காரருக்கு ஓட்டையைக் கண்டால் கை சும்மா இருக்குமா? நான் துளையிடும் மிஷினை எடுத்ததும் அவர் பதறி ஓடி வந்தார்.

"ஏங்க, நான் அடச்ச ஓட்டயையா தொறக்கிய? தண்ணி உள்ள வந்துருமே."

"அண்ணே, இது மிதக்கிற சாமான் இல்லை. தண்ணீர் மேலேயிருந்து வருகிறது. கீழே போக வழி வேண்டும்."

"ஆயுசுல நான் ஓட்ட போட்டதில்ல. எனக்குப் பாக்கவே முடியல" என்று சொல்லிவிட்டு நிஜமாகவே முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதல் துளை திறந்ததும் தேநீர் நிறத்தில் தண்ணீர் கொட்டி என் கழுத்து வழியாக முதுகு வரை இறங்கியது. உப்பு நாற்றம். மீன் இறக்கிய பிறகு வள்ளத்தைக் கழுவுவது போலவே இந்த வண்டியையும் கடல் தண்ணீரை அள்ளி ஊற்றிக் கழுவியிருக்கிறார்கள். வடிய வழியில்லாமல் அத்தனையும் உள்ளேயே நின்று பிரேக் குழாய்களை அரித்துவிட்டது. குழாயை விரலால் அழுத்தினேன், அப்பளம் போல் நொறுங்கியது.

சேவியர் அண்ணன் அந்தத் தண்ணீரைப் பார்த்தார். ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. "அது வேற தண்ணியா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் ஜெசிந்தாவும் நானும் சாமான் வாங்க தூத்துக்குடி போனோம். உதிரிப் பாகக் கடை அண்ணாச்சி, கல்லாவுக்குப் பின்னால் விபூதி பூசி அமர்ந்திருந்தார். நான் மாதிரிக்குக் கொண்டுபோன துருப்பிடித்த குழாயைக் காகிதத்தில் வைத்து மூக்குக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"வண்டி எங்கன நிக்கி?"

"புன்னைக்காயல்."

"அப்ப இரும்புக் குழா வேண்டாம். செம்பு கலந்தது வாங்கிக்கிடுங்க. இங்கன காத்தே உப்பு. என் கண்ணாடி பிரேமே வருஷத்துக்கு ஒண்ணு போவுது."

ராட்சச டயர்களுக்குப் பதில் ஒல்லியான, சாதாரண டயர்களும் அவரே பார்த்துக் கொடுத்தார். பிறகு பசி. மதியம் புரோட்டாக் கடையில் எங்கள் ஊர் ரொட்டி சானாய்க்கு அண்ணன் முறையில் ஒன்றைச் சந்தித்தேன். எங்கள் ஊரில் அதைத் தட்டிப் பதமாக உதிர்ப்பார்கள். இங்கே இலையில் பிய்த்துப் போட்டு, மேலே சால்னாவை ஊற்றி மூழ்கடித்தார்கள். மூன்றாவதைக் கேட்டபோது ஜெசிந்தா என்னை மரியாதையோடு பார்த்தாள். பக்கத்து மேசையில் இரண்டு வடநாட்டு லாரி ஓட்டுநர்கள் இந்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். என்னவென்று பரிமாறுபவரிடம் கேட்டேன். "'இந்த ஊர்ல ஒரு மாசம் நின்னா லாரியும் கருவாடா ஆயிரும்'னு சொல்லுதாங்க" என்றார்.

திரும்பும்போது டயர்களோடு பஸ்ஸில் ஏறினோம். நடத்துநர் நான்கு டயர்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "இந்த நாலு பேரும் எங்க எறங்குதாவ?" என்று கேட்டார். பழையகாயல் தாண்டி ஒரு வளைவில் அவர்களில் ஒருவர் உருண்டு போய் ஓட்டுநரின் இருக்கையில் முட்டினார். "ஏலே, எவம்ல அது?" என்று முன்னாலிருந்து ஒரு சத்தம். பஸ் முழுக்கச் சிரித்தது. உப்பளங்களில் பட்ட வெயில் கண்ணைக் கூச வைத்தது. தூத்துக்குடியில் வாங்கிய மக்ரூன் இனிப்புப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு நானும் சிரித்தேன்.

அதன்பின் வந்த நாட்கள் கிரீஸும் வியர்வையும்தான். எங்கள் மலையில் இரும்பைத் தொட்டால் சில்லென்று இருக்கும். இங்கே வெயிலில் கிடந்த ஸ்பானரைத் துணி சுற்றித்தான் எடுக்க முடிந்தது. உடம்பைப் பழைய உயரத்துக்கு இறக்கினேன். குழாய், ரப்பர், சீல் எல்லாம் புதிது. பச்சை பூத்திருந்த வயர்களை வெட்டி எறிந்தேன். இருக்கையை முன்னால் தள்ளி வைத்தேன். எருமை முட்டும் சட்டத்தைக் கழற்றியதும் வண்டிக்கு மீசை எடுத்தது போல் ஒரு முகம் வந்தது. ஜெசிந்தா என் பக்கத்திலேயே இருந்தாள். கடைசியில் அவள் தானாக ஏறி, ஸ்டூல் இல்லாமல் ஏறி, வாசலிலிருந்து கோயில் முக்கு வரைக்கும் நேராகப் போகிற தெருவில் ஓட்டிப் போய், பிரேக் போட்டாள். வண்டி நின்றது. நின்ற இடத்திலேயே கையை வெளியே நீட்டி ஆட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிரேக் பிடித்ததற்கெல்லாம் அழுகிற ஆள் இல்லை நான்.

பிலோமினாம்மா மட்டும், "தெருவுல ஓடும். ரோட்டுல ஓடணும்லா" என்றார். இரும்புக்காரரை வரவேண்டாம் என்று இன்னும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று புன்னைக்காயலில் யாரும் கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் வெளியே வந்து, சர்ச் வாசலில் நிறுத்தியிருந்த வண்டிக்கு மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். கூட்டம் கூடிவிட்டது. நான் மக்ரூன் பங்கு வைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் சேவியர் அண்ணன் தலைமையில் பத்துப் பதினைந்து பேர் ஜீப்பைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். வீட்டுக்குத்தான் தள்ளுகிறார்கள் என்று நினைத்தேன். அவர்கள் கடலுக்குப் போனார்கள்.

புது வள்ளம் என்றால் மந்திரித்த கையோடு அலையைத் தொட வைப்பது அங்கே வழக்கம். தொடாத வள்ளத்தில் யாரும் கால் வைக்க மாட்டார்களாம். ஜெசிந்தா முதல் நாள் வேலைக்குப் போகிறாளே என்ற பாசத்தில் அவளுடைய வண்டிக்கும் அதைச் செய்துவிட்டார்கள். நான் செருப்பை விட்டுவிட்டு ஓடிப் போவதற்குள் வண்டி பின்பக்கமாக இறங்கி நான்கு சக்கரமும் நீரில். ஓர் அலை வந்து தொட்டிக்குள்ளேயே ஏறி இறங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். அலை திரும்பியபோது சக்கரங்களுக்கு அடியிலிருந்த மணலையும் கொண்டுபோனது. வண்டி உட்கார்ந்தது.

"யாரைக் கேட்டுச் செய்தீர்கள்?" என்று நான் கத்தினேன். யாருக்கும் புரியவில்லை. நல்லது செய்ததற்கு ஏன் திட்டுகிறாள் இந்த மலேசியாக்காரி என்று பார்த்தார்கள்.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். எங்கள் மலைச் சேற்றில் சிக்கினால் ஆக்ஸிலேட்டரை அழுத்திச் சக்கரத்தைச் சுழற்றுவோம். டயர் சேற்றை உதறிவிட்டு ஏறும். ஆத்திரத்தில் நானே உள்ளே ஏறி அதையே செய்தேன். மணல் பின்னால் மழையாகப் பறந்தது. வண்டி அச்சு வரை புதைந்தது. அடுத்த அலை வண்டிக் கதவின் படியைத் தாண்டி உள்ளே வந்தது.

"அக்கா, நிறுத்துங்க. எறங்குங்க" என்றாள் ஜெசிந்தா. அவள் குரலில் அப்படி ஒரு கண்டிப்பை அதுவரை நான் கேட்டதில்லை. "எங்க வீட்டுக்காரவிய இங்கன ஓட்டும்போது பாத்துருக்கேன். மொதல்ல டயர்ல காத்தத் தொறந்து விடுவாவ. பொறவு மெதுவாத்தான் எடுப்பாவ."

இறங்கினேன். வேறு வழி? முழங்கால் தண்ணீரில் நின்று இரண்டு பேரும் காற்றைத் திறந்துவிட்டோம். அதற்குள் சேவியர் அண்ணன் வள்ளம் ஏற்றுகிற பனந்தடிகளைச் சக்கரத்துக்கு முன்னால் போட வைத்தார். நங்கூரக் கயிற்றை வண்டியில் கட்டினார்கள். ஜெசிந்தா உள்ளே ஏறி, ஃபோர் வீலைப் போட்டு, கீழ் கியரில் வைத்தாள். கயிற்றைப் பிடித்த கூட்டம் வள்ளம் இழுக்கிற சத்தம் கொடுத்தது. சாமியாரும் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு கயிற்றில் இருந்தார்.

சக்கரம் சுழலவே இல்லை. உருண்டது. ஒரு முழம், இன்னொரு முழம். தடியில் ஏறி, இறங்கி, ஈர மணல் தாண்டி, காய்ந்த மணலில் வந்து நின்றது. ஜெசிந்தா ஹார்னில் கை வைத்தாள். ஊரிலிருந்த காக்கை எல்லாம் கிளம்பிப் பறந்தன.

அப்போது வண்டிக்கு அடியில், நான் திறந்த ஒவ்வொரு துளையிலிருந்தும் கடல் தண்ணீர் கம்பி கம்பியாக வடிந்தது. சேவியர் அண்ணன் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிச் சொட்டு விழும்வரை பார்த்தார். "பரவால்ல, ஓட்டையும் ஒரு வேலதான் பாக்கு" என்றார்.

ஆனால் வடியாமல் ஒட்டிய உப்பு இருக்கிறதே. பிரேக் டிரம் முழுக்க உப்பு. அப்படியே விட்டால் காலைக்குள் இறுகிவிடும். "நல்ல தண்ணீர் வேண்டும், நிறைய" என்றேன். அந்த ஊரில் குழாயில் தண்ணீர் வருகிற நாள் வேறு. வீடுகளில் இருப்பது குடிக்கப் பிடித்து வைத்தது மட்டும்தான். கேட்டது தப்போ என்று எனக்குக் கூசியது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓர் ஆள் வந்தார். இடுப்பில் குடம். பிலோமினாம்மா.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிய? அவ விடியக்காலம் போவணும்லா" என்று சொல்லி, முன் சக்கரத்தில் குடத்தைக் கவிழ்த்தார். அதன்பின் எந்தெந்த வீட்டிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. பிளாஸ்டிக் குடம், எவர்சில்வர் குடம், ஒரு சமையல் அண்டா. குடிக்கிற தண்ணீரில் நான் டிரம்களைக் கழுவினேன். என் வாழ்க்கையில் இவ்வளவு விலை உயர்ந்த சர்வீஸ் எந்த வண்டிக்கும் செய்ததில்லை.

டயர்களில் இரவே காற்று அடித்து வைத்திருந்தோம். திங்கள் காலை, இருள் பிரிகிற நேரத்தில் ஜெசிந்தா சாவியைத் திருப்பினாள். பிடித்துக்கொண்டது. நான் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். ஈரம் காய பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே போகச் சொன்னேன். ஆத்தூர் வாழைத் தோட்டங்கள் தாண்டின. வெற்றிலைக் கட்டுகளோடு எதிரே ஒரு சைக்கிள் வந்தது. முக்காணியில் ஒரு தேநீர்க் கடைக்கு எதிரே வண்டியை ஓரங்கட்டினாள்.

"எறங்குங்க அக்கா."

"ஏன், என்ன சத்தம்? ஏதாவது கேட்டதா?"

"ஒண்ணுமில்ல. நாளைக்கு நீங்க வரமாட்டிய. இன்னைக்கும் நான் தனியாவே போயிப் பாத்துருதேன்."

தினமும் ஓட்டுகிற வண்டி என்று நான் சொன்னதைத்தான் என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். இறங்கினேன். முன்னால் வந்த லாரிக்கு ஒரு ஹார்ன் கொடுத்துவிட்டுப் போனாள். வண்டி கண்ணுக்கு மறையும் வரை நின்றேன். பிறகு தேநீர் குடித்தேன், சூடாகவே தெரியவில்லை. இரண்டாவது டம்ளர் குடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. "வந்துட்டேன் அக்கா. ஆபீஸ் இன்னும் தொறக்கல. நான்தான் மொத ஆளு."

அன்று சாயங்காலம் புன்னைக்காயல் வீட்டு வாசலில் இரும்புக்காரர் தன் குட்டி யானை வண்டியோடு நின்றார். "எங்கம்மா அந்த ஜீப்பு?" என்று கேட்டார். தூரத்தில், தெரு முனைக்கும் அப்பால், கப்பல் சங்கு போல் ஒரு ஹார்ன் கேட்டது. கூடையிலிருந்த கோழி தலையைத் தூக்கியது.

"கொஞ்சம் தள்ளி நில்லு. எம் மருமவ வேலைக்குப் போயிட்டு வாரா, வண்டி நிறுத்தணும்" என்று அவரிடம் சொல்லிவிட்டு, பிலோமினாம்மா உள்ளே போய் நல்ல தண்ணீர்க் குடத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டு வந்து வாசலில் காத்து நின்றார்.